இருபது நிமிடத் தீவு

இன்று காலை மொட்டை மாடியில் பாதி காய்ந்த வடகத்தைக் காக்காய் கொத்தாமல் இருக்க, என் மனைவி மேலே ஒரு துணியை விரித்தாள். வெள்ளைத் துணி, சல்லடைக் கண். ஓரத்தில் கொசுவர்த்திச் சுருள் சுட்ட ஓட்டை. கிட்டப் போய் மோந்து பார்த்தேன். ஐந்து வருடம் ஆகியும், எத்தனை முறை துவைத்தும், அந்தக் காயல் சேற்று வாடை அதைவிட்டுப் போகவில்லை. எனக்கு உன் மேல் கோபம் வந்துவிட்டது.

இறந்தவர்கள் மேல் கோபப்படக் கூடாது என்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் உன்னைத் தெரியாது.

"கொசுவலைக்கு எதுக்குலே துட்டு? பாக்கியம் தறியில பேண்டேஜ் துணி சும்மா கிடக்கு" என்று சொன்னவன் நீ. செட்டியார்பட்டி பாக்கியநாதனும் அதை நம்பி ஒரு சுருள் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு ரயிலடிக்கு வந்து நின்றான். தீவுக்குப் போகிற நாலு பேரில் ஒருத்தன் ஆஸ்பத்திரிக்குச் சரக்கு கொண்டுபோகிறவன் மாதிரி இருந்தான். இன்னொருத்தன், நம் மில் டைம் ஆபீஸ் சீனிவாசன், நெற்றியில் நாமத்தோடு வந்திருந்தான். எலக்ட்ரீசியன் நீ, பிட்டர் நான். இருபத்திரண்டு வருடம் ஒரே ஷிப்ட். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து பஸ்ஸில் வந்து இறங்கும்வரை ராஜபாளையம் டீக்கடையில் எனக்கும் சேர்த்து டீ சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பாய். ஆறிப்போன டீயைத்தான் நான் இத்தனை வருடமும் குடித்தேன்.

"துட்டுள்ளவன் பிளேன்ல போயி பாக்கான்ல, அதே தீவுதான். அதே தென்னமரம், அதே தண்ணி. நம்ம கொல்லம் ரயில்ல போனா அன்ரிசர்வ்ல வந்துரும்" என்று நீ சொன்னபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு கிலோ தக்காளி வாங்குவதற்கே மூன்று நாள் யோசிக்கிற ஆள் நீ. உனக்கு எதற்குத் திடீரென்று தீவு?

நான் சந்தேகப்படாததற்குக் காரணம் இருந்தது. என் மண்டைக்குள் வேறு பாரம். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை, என் மனைவி சோறு போட்டுக்கொண்டே எங்கள் மகளைப் பற்றிச் சொன்னாள்:

"உங்க சேக்காளி மகனத்தான் கட்டுவேன்னு கோதை சொல்லிட்டா. நீங்க அவியகிட்ட என்ன பேசணுமோ, இந்தப் போக்குலயே பேசிட்டு வந்துருங்க."

"அவுக வேற ஆளுக. வீட்ல தெலுங்கு பேசுறவுக. எங்க அண்ணன் என்ன சொல்லும்?"

"உங்க அண்ணனா கட்டிக்கப் போறாக?"

காலம் மாறிப்போச்சு, பிள்ளைகள் இஷ்டம்தான் முக்கியம் என்று மில் வாசல் டீக்கடையில் நின்று முழங்குகிறவன் நான்தான். அதெல்லாம் அடுத்தவன் பிள்ளை வரைக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. பாதிச் சோற்றில் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அதுதான் என் வியாதி என்று உனக்குத் தெரியும். கோபம் வந்தால் எனக்குப் பேச வராது, கால்தான் வரும். யூனியன் கூட்டத்தில் இருந்து போயிருக்கிறேன். சொந்த மச்சினன் கல்யாணப் பந்தியில் இருந்து போயிருக்கிறேன். ஒருமுறை வீட்டில் கோபித்துக்கொண்டு பஸ் ஏறி உன் வீட்டுக்கு வந்தேன். நீ இல்லை. என்னைப் பார்க்க என் வீட்டுக்குப் போயிருந்தாய். கோதைக்கும் அதே புத்திதான். முகத்தில் இல்லாத என் சாயல் காலில் இருந்தது.

சனிக்கிழமை விடியுமுன்னே நான் கிளம்பும்போது என் பையின் ஜிப்பை அவள்தான் இழுத்து மூடினாள். "மாமாகிட்ட சண்டை போட்டுறாதீங்கப்பா" என்றாள். அவ்வளவுதான். அது எனக்கு எரிச்சலாக இருந்தது, ஏனென்றால் நான் போடப் போவதும் அதுதான். இரண்டு நாளில் தனியாக ஒரு நேரம் பார்த்து, "மாப்ள, உன் மகனைக் கொஞ்சம் கண்டிச்சு வை" என்று சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். ஒரே வரிதான். பத்தாம் வகுப்பில்கூட நான் அப்படி மனப்பாடம் செய்ததில்லை.

அன்றைக்குப் புரட்டாசி மூன்றாம் சனி என்பது செங்கோட்டை தாண்டியபின்தான் சீனிவாசனுக்கு உறைத்தது. வருடம் தவறாமல் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலையில் மலையேறிப் பெருமாளைப் பார்க்கிறவன். ரயிலில் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"கிறுக்குப்பயலே, இன்னைக்குப் போயாடா தேதி வச்சே?"

"ஏலே, பெருமாள் தண்ணியிலதானடா படுத்திருக்காரு? மலையில ஏறி மூச்சு வாங்குறதுக்கு இது அவருக்குக் கிட்டக்க" என்றாய் நீ. பாக்கியம் சிரித்ததில் பக்கத்தில் இருந்த மலையாளத்து அம்மாள் எழுந்து வேறு இடம் பார்த்துப் போனாள். மலிவாகக் கிடைத்த நாள் அதுதான் என்று பிறகு தெரிந்தது. மழைக்கு நடுவில் அங்கே வேறு யார் வருவார்கள்?

கொல்லத்தில் இறங்கி, இரண்டு பஸ் மாறி, ஒரு படகில் ஏறி, போய்ச் சேர்ந்தோம். நீ ரிசார்ட் என்று சொன்னது ஒரு வீட்டை ஒட்டிய ஓட்டுச்சாய்ப்பு. நினைத்த நேரமெல்லாம் படகு இருக்கிறது என்று சொன்னாய். காலையில் ஒன்று, மதியம் இரண்டு மணிக்கு ஒன்று. மழை வந்தால் அதுவும் இல்லை. அந்த வீட்டுச் சேச்சி அன்போடு இலை போட்டு மீன் வறுவல், மீன் குழம்பு, மீன் அவியல், மரவள்ளிக் கிழங்கு என்று வைத்தாள். சீனிவாசன் கிழங்கை மட்டும் மென்றுகொண்டு உன்னைப் பார்த்த பார்வையில் மழைகூடச் சிறிது நேரம் நின்றது. பாக்கியம் அவன் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டான். நீ ஆண்டாள் கோயில் தெருவில் வாங்கிய பால்கோவாவை எடுத்து நீட்டினாய். அதைத் தின்றுதான் சீனிவாசன் அன்றைய பகலைக் கழித்தான். மறுநாள் அவனுக்காக நீயே சமைப்பதாக வேறு வாக்குக் கொடுத்தாய்.

நான் என் வரியைச் சொல்ல அன்றைக்கு மூன்று தடவை வாயெடுத்தேன்.

"மாப்ள, ஒரு விசயம்..."

"பொறவு சொல்லு. அந்தத் துணியோட முனையப் பிடி."

கொஞ்ச நேரம் கழித்து, "மாப்ள..."

"செத்த இரு, சேச்சிகிட்ட அரிசி கேட்டுட்டு வாரேன்."

எனக்கு அப்போதும் புரியவில்லை. நீயும் ஏதோ ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அலைகிறாய் என்பது எனக்குத் தெரியவில்லை. என் பாட்டைத்தான் நான் பார்த்தேன். மறுநாள் காலையில் சேச்சி பால் ஊற்றாத கட்டன்சாயா கொண்டுவந்தாள். பேண்டேஜ் துணிக்குள் வரிசையாகக் கிடந்த எங்கள் நாலு பேரையும் பார்த்து "என்டம்மே" என்று வாசலிலேயே நின்றுவிட்டாள். விபத்து வார்டு மாதிரிதான் இருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி இருக்கும். நீ சேச்சியின் விறகடுப்பை வெளியே இழுத்துப்போட்டு உலை வைத்துவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாய். நான் எதிரே உட்கார்ந்தேன். இப்போது சொல்லிவிட வேண்டியதுதான் என்று தொண்டையைச் செருமினேன். நீ முந்திக்கொண்டாய்.

"ஏலே, இனிமே உன்னைய மாப்ளன்னு கூப்பிட்டா முறை தப்பிப்போகும் போலருக்கே."

"என்னலே சொல்ற?"

"எம் மகனுக்கு உம் மகளக் கேக்கேன்." நீ தலை நிமிரவில்லை. "முறையா வீட்டுக்கு வந்து, தட்டு வச்சுத்தான் கேக்கணும். ஆனா அங்க கேட்டா நீ எந்திரிச்சுப் போயிருவ."

"அதுக்குத்தான் இங்க கூட்டியாந்தியா?"

"பொறவு? ராமேஸ்வரமுந்தான் தீவு. அங்க பாலம் இருக்கு. நீ பாட்டுக்கு நடந்தே ஊர் போய்ச் சேந்துருவ."

நான் எழுந்தேன். செருப்பை மாட்டினேன். கரையோரமாக நடந்தேன். "போட்டு ரெண்டு மணிக்குத்தாம்லே!" என்று பின்னால் உன் குரல் கேட்டது.

எவ்வளவு வேகமாக நடந்தேன் தெரியுமா? இரண்டு நாள் மனப்பாடம் செய்த வரி போய், புதுசு புதுசாகச் சூடான வரிகள் வந்தன. என்னை ஏமாற்றிக் கூட்டிவந்தவன், தண்ணீருக்கு நடுவில் நிறுத்தி மகளைக் கேட்கிறவன் என்றெல்லாம் ஒரு பெரிய பேச்சையே தயார்செய்தேன். ஊறவைத்த தேங்காய் மட்டை நாற்றத்தைத் தாண்டினேன். வலை காயப்போட்டிருந்த இடத்தைத் தாண்டினேன். ஒரு நாய் துணைக்கு வந்து, என் வேகம் பிடிக்காமல் நின்றுவிட்டது. பேச்சின் உச்சக்கட்டத்துக்கு நான் வரும்போது எதிரே புகை தெரிந்தது. புகைக்குக் கீழே நீ தெரிந்தாய். இருபது நிமிடத்தில் தீவு முடிந்துபோயிருந்தது.

"வந்துட்டியா? உலை இன்னும் கொதிக்கல. இன்னொரு சுத்து போயிட்டு வா" என்றாய்.

நிற்கவும் மானம் இடம் தரவில்லை, உட்காரவும் தரவில்லை. மறுபடி நடந்தேன். படகுத்துறைச் சுவரில் பாக்கியமும் சீனிவாசனும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு எல்லாம் முன்னாலேயே தெரியுமாம்!

"ரெண்டாவது ரவுண்டாண்ணே? மாதாவுக்கு நேந்துக்கிட்டவுககூட இம்புட்டு வேகமாச் சுத்தமாட்டாக" என்றான் பாக்கியம்.

"சரின்னு சொல்லித் தொலைலே. நேத்துல இருந்து பால்கோவாவத் தின்னு நாக்கு செத்துப்போச்சு" என்றான் சீனிவாசன்.

இரண்டாவது சுற்றில் கோபம் பாதிதான் இருந்தது. கால் நடந்தது, மண்டை வேறு எங்கேயோ போனது. அண்ணன் என்ன சொல்வார் என்று யோசித்தேன். மில்லில் மெஷினில் என் கைவிரல் மாட்டியபோது அண்ணன் ஒரு நாள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, பத்து நிமிடம் இருந்து, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போனார். நீ ஷிப்ட் முடிந்து வந்து என் கட்டிலுக்குக் கீழே தரையில் படுத்தாய். மாத்திரையின் பேரைத் தப்புத்தப்பாய் வாசித்து நர்ஸிடம் தினமும் திட்டு வாங்கினாய். அப்போது நீ வேற ஆள் என்று எனக்குத் தோன்றவில்லை. விரல் குணமானபிறகுதான் தோன்றுகிறதா?

உன்னைத் தாண்டிப் போகும்போது நீ அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாய். மூன்றாவது சுற்றும் தொடங்கிவிட்டேன்.

தீவின் பின்பக்கம், கவிழ்த்துப் போட்ட ஒரு தோணிக்குப் பக்கத்தில், எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு நீ வந்தாய். கால் ஆணியோடு, கையில் கரண்டியோடு, நொண்டி நொண்டி. தோணியில் உட்கார்ந்தோம். நீ ஆணிக் காலை மணலில் நீட்டிக்கொண்டாய்.

"எங்க வீட்ல உம் மகளுக்கு ஒரு குறையும் வராதுன்னு நான் பொய் சொல்லமாட்டேன். எம் பொண்டாட்டி கோவத்துல பேசுற தெலுங்கு எனக்கே பாதிதான் வெளங்கும். உம் மகளும் உன்னைய மாதிரிதான், கோவம் வந்தா கெளம்பிருவா. அப்ப நான் அவ பின்னாலயே போவேன்லே. தனியா விடமாட்டேன். அம்புட்டுத்தான் என்னால சொல்ல முடியும்."

நான் உன் கையிலிருந்த கரண்டியை வாங்கிப் பார்த்தேன்.

"நீ அரிசி கழுவுன லட்சணத்துக்குச் சோத்துல கல்லு கிடக்கும்" என்றேன். என் வாயில் சம்மதம் அப்படித்தான் வரும் என்று உனக்குத் தெரிந்திருந்தது. "வா சம்பந்தி, கல்லப் பொறுக்குவோம்" என்று எழுந்தாய். கல் இருக்கத்தான் செய்தது.

"உன் மகனைக் கண்டிச்சு வை" என்று சொல்லத்தான் நான் அங்கே வந்தேன் என்பதைக் கடைசிவரை உன்னிடம் சொல்லவே இல்லை. இப்போது எழுதிவிட்டேன். திட்டுவதென்றால் திட்டிக்கொள்.

கல்யாணம் நடந்தது. அண்ணன் வந்தார், பாயசத்தில் இனிப்பு குறைச்சல் என்றார், இரண்டு டம்ளர் குடித்தார். அதற்கா நான் அவ்வளவு பயந்தேன் என்று இருந்தது. நீயும் சொன்னபடி செய்தாய். கோதை முதல்தடவை கோபித்துக்கொண்டு கிளம்பியபோது பழைய பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னாலேயே போய், "ரா தல்லி, வாம்மா" என்று டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்திருக்கிறாய். அவள்தான் சொன்னாள். இரண்டாம் தடவை பஸ்ஸிலேயே ஏறி எங்கள் வீட்டு வாசல்வரை வந்துவிட்டாய். உன்னைப் பார்த்த பிறகு நான் அவளை எப்படித் திட்டுவது?

பிறகு போன வருடம் ஆடியில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. சொல்லிக்கொள்ளாமல் கிளம்புகிறவன் நான்தான் என்று ஊரெல்லாம் பேர். நீ என்னைத் தாண்டிவிட்டாய்.

போன மாதம் ஒரு சாயங்காலம் உன் மனைவி போன் செய்தார்கள். "அண்ணா, எனக்கும் கோதைக்கும் வாக்குவாதம். தப்பு எம்மேலதான். அவ கெளம்பிட்டா. அவிய இருந்தா பின்னால போயிருப்பாவ." நான் ஷிப்ட் முடிந்து மில் வாசலில்தான் நின்றிருந்தேன். குறுக்குச் சந்தில் ஓடிப்போய், எங்கள் ஊர்ப் பக்கம் போகிற மெயின் ரோட்டில் அவளைப் பிடித்தேன். பிடித்தேன் என்றால் என்ன, பத்தடி பின்னால் சேர்ந்துகொண்டேன்.

கொஞ்ச தூரத்தில் அவள் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க எதுக்குப்பா பின்னாலயே வாரீக?"

"நானா வரல. உங்க மாமா சொல்லிட்டுப் போயிருக்காரு."

அவள் ஒரு நிமிடம் அங்கேயே நின்றாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு மறுபடி முன்னால் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டாள். உன்னைப் போல் டீ வாங்கிக் கொடுக்கவோ சமாதானம் சொல்லவோ எனக்குத் தெரியாது. நானும் நடந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் ரோடு தீவு மாதிரி இருபது நிமிடத்தில் முடிகிற ரோடா? முட்டி விண்விண்ணென்று தெறித்தது. வாக்குக் கொடுத்தவன் நீ, அதைக் காப்பாற்ற வேர்த்து வழிந்து நடப்பவன் நான் என்று வாய்க்கு வந்தபடி உன்னைத் திட்டிக்கொண்டே போனேன்.

கடைகள் முடிந்து தென்னந்தோப்பு தொடங்குகிற இடத்தில் கோதையின் நடை கொஞ்சம் மெதுவானது. திரும்பிப் பார்க்கவில்லை. என் முட்டிக்காகத்தான் என்று எனக்குத் தெரியும்.