இரண்டு கட்டடங்களுக்கு நடுவே என் தங்கை

அனுப்புநர்:
ஜெ. எல்வின்,
அல்வால், செகந்திராபாத்.

பெறுநர்:
மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்கள்,
ஐதராபாத்.

பொருள்: மனநலப் பிரிவில் இருந்த என் தங்கை பெர்சிஸுக்கு (வயது 26) நரம்பியல் பிரிவில் படுக்கை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் நான் கொடுத்த மனுக்களுக்கு முத்திரை கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை. தாங்கள் திருநெல்வேலிக்காரர் என்று கேள்விப்பட்டுத் தமிழில் எழுதுகிறேன்.

1. பெர்சிஸ் சனத்நகரில் ஒரு வால்வு தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். ஜனவரியில், தான் நிராகரித்த வால்வுகள் தன்னைத் திட்டுவதாகச் சொன்னாள். சபையார் மூன்று வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் செய்தார்கள். அதன்பின் தங்கள் மருத்துவமனை மனச்சிதைவு என்று எழுதியது.

2. மாத்திரைகள் பலிக்கவில்லை. வலிப்பும் வந்தது. மார்ச்சில் டாக்டர் ஹம்ஸினி தண்டுவட நீரைச் சோதனைக்கு அனுப்பினார். கிருமிகளோடு போராட வேண்டிய எதிர்ப்பு சக்தி இவளுடைய மூளையையே தாக்குகிறது என்று முடிவு வந்தது. மனச்சிதைவு என்று எழுதப்படுபவர்களில் மிகச் சிலருக்கே இப்படி என்றும், உடனே வைத்தியம் செய்தால் பெரும்பாலும் மீட்கலாம் என்றும் டாக்டர் சொன்னார். அடுத்த வாரம் அவருக்கு இடமாற்றம் வந்தது.

3. அந்த வைத்தியம் நரம்பியல் கட்டடத்தில். ஒருவர் பெயர் ஒரு பதிவேட்டில்தான் இருக்கலாமாம். "அங்க பேரை அடிச்சிட்டு வாங்கண்ணா" என்றார் எழுத்தர் சாய்குமார். மனநலப் பிரிவிலோ, குணமானால்தான் பெயரை அடிப்பார்களாம். வால்வுகளோடு பேசுகிறவளை எப்படிக் குணம் என்று எழுதுவது என்று கேட்டார்கள். நியாயமாகவே பட்டது. ஏழு வாரம் நடந்தேன். இரு கட்டடங்களுக்கும் இடையே நூற்றுப் பத்து அடி.

4. மே மாதம் அவள் பேச்சை நிறுத்தினாள். தூக்கிய கையை நாங்கள் இறக்கிவிடும்வரை அப்படியே வைத்திருக்கிறாள். "சத்தமே இல்ல, நல்லாயிட்டாங்க. டென்ஷன் நக்கோ, வேணாம் அண்ணா" என்று வார்டு ஆயா அன்னக்கிளி ஆறுதல் சொன்னார். இன்று காலை 'அமைதியாக இருக்கிறார், குணம்' என்று எழுதிப் பெயரை அடித்துவிட்டார்கள்.

5. அந்தச் சீட்டோடு அவளை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு நரம்பியலுக்குப் போனேன். சாய்குமார் இரண்டு முறை படித்தார். குணமானவர்களுக்குப் படுக்கை தர விதி இல்லையாம். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கண்ணா, கங்கிராட்ஸ்" என்று கை கொடுத்தார்.

தற்போது அவள் மருந்தகத்தின் வெளிச்சுவர் நிழலில் கிடத்தப்பட்டிருக்கிறாள். ஸ்ட்ரெச்சரை ஐந்து மணிக்குத் திருப்பித் தர வேண்டும்.

ஆகவே, என் தங்கை குணமடையவில்லை என்று தங்கள் கைப்பட எழுதி, கையொப்பமிட்டுத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். ஊட்டினால் இன்னும் விழுங்குகிறாள். அது நிற்பதற்குள் கிடைத்தால் போதும்.

இடம்: தங்கள் அலுவலக வாசல்
நாள்: 29.05.2024, பிற்பகல் 3.10

தங்கள் கையொப்பத்துக்காகக் காத்திருக்கும்,
ஜெ. எல்வின்