சங்கு ஊதியதும்

செந்தூல், மலாயா, 1931

அன்புள்ள தனக்கோடிக்கு,

எனக்கு வேலை போய்விட்டதாக உன் அண்ணன் சொன்னால் நம்பிப் பதறாதே. ரயில்வே பட்டறை வாசலில் சொந்தமாகத் தோசைக்கடை போட்டிருக்கிறேன். அதட்ட மேலே யாரும் இல்லை.

பட்டறையில் ஆள் குறைத்த பிறகு இங்கே எல்லோரும் முதலாளிகள்தான். என்னோடு பாய்லர் வேலை பார்த்த சபாபதி பக்கத்தில் முடி வெட்டுகிறார். தம்புசாமி அவித்த கடலை விற்கிறார். என் தோசையை அவர்கள் தின்கிறார்கள், அவர்கள் கடலையை நான் தின்கிறேன். வெளியாள்தான் வருவதில்லை.

நேற்றுக் காலை பட்டறையில் வேலைச் சங்கு ஊதியதும், கல்லில் தோசையை விட்டுவிட்டு நான் பாட்டுக்குப் பட்டறைக்குள் நடந்துவிட்டேன். காவல்காரர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அண்ணே, தோசை கருகுது. கடைக்குப் போங்க லா."

மெதுவாகத்தான் சொன்னார்.

இங்கே வரக் கப்பலுக்குச் சீட்டு வாங்கிவிட்டாயா? வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு. கடல் சரியில்லை என்கிறார்கள், பிள்ளைக்கு ஆகாது. பதிலைக் கோயில் முகவரிக்குப் போடு.

நாம் இருந்த பட்டறை வீட்டில் நீ நட்ட பப்பாளி நன்றாகக் காய்க்கிறது. இப்போது அந்த வீட்டில் குடியிருக்கும் அம்மாள், எனக்கும் ஒரு பழம் கொடுத்தார்.

பிரியமுள்ள,
உன் பிள்ளையின் அப்பா