என் பெஞ்சுக்கு வராத மிக்ஸி

1986 ஆவணி, வெள்ளிக்கிழமை.

மிக்ஸி ரிப்பேர் பார்க்கிறவன் என்பதால், காளவாசலில் பலரும் என்னைக் கேட்டுத்தான் புது மிக்ஸி வாங்குவார்கள். எது என் பெஞ்சுக்கு ரிப்பேருக்கு வருவதே இல்லையோ, அதுதான் உழைக்கும் என்பது என் தீர்மானம். அப்படித்தான் ஒரு கம்பெனியின் பச்சை மிக்ஸியை எல்லாருக்கும் கைகாட்டினேன்.

இன்று பழைய மோட்டார் தேடி இரும்புக் கடைக்குப் போனேன். மூலையில் பச்சை மிக்ஸிகள் குவிந்து கிடந்தன. கடைக்காரர் சிரித்தார்.

"அதுல திருகாணியே கிடையாதுண்ணே. ரிவெட் அடிச்சு மூடிருக்கான், பிரிக்க முடியாது. ரிப்பேருக்கு ஆகாதுன்னு வித்தவனே சொல்லிர்றான். நேரா இங்கதான் வருது. இம்புட்டு நாளு உங்களுக்குத் தெரியாதா?"

என் பெஞ்சுக்கு அடிக்கடி வருகிறவற்றை மட்டம் என்று சொன்ன வாய் இது. அவை எட்டு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கின்றன.

குவியலில் கிடந்த ஒரு ஜாரில் பெயர் வெட்டியிருந்தது. திருநகர் டீச்சர் மகளுடைய பெயர். கல்யாணச் சீருக்கு என்னைக் கேட்டு வாங்கியது. இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

போன வாரம்தான் டீச்சர் இஸ்திரிப் பெட்டி கொண்டுவந்தார். "நல்லாருக்கீங்களாண்ணே" என்று விசாரித்தார். மிக்ஸியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

திட்டியிருக்கலாம்.