முட்டை இல்லாத நுரை

பக்கத்து வீட்டில் கொண்டைக்கடலை வேகிறது. நவராத்திரிச் சுண்டலுக்கு. குக்கர் விசில் அடங்கியதும் அந்த வாடை சன்னல் வழியாக வந்தது. எழுந்து சன்னலைச் சாத்தினேன். வாசல் வழியாக வந்தது. வாசலையும் சாத்திவிட்டு, வேர்க்க வேர்க்க உட்கார்ந்து உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். சற்று முன்பு அவர்கள் கடலை வெந்த தண்ணீரைக் கொல்லையில் கொட்டுகிற சத்தம் கேட்டது. "ஐயோ, கொட்டாதீங்க" என்று வாயெடுத்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. இனி அந்தத் தண்ணீர் யாருக்கு வேண்டும்?

நீ போய் இரண்டு அமாவாசை கடந்துவிட்டது. ஆபீஸில் உன் மேஜைக்கு இன்னும் யாரும் வரவில்லை. திண்டிவனத்திலிருந்து ஒருவர் மாற்றலாகி வருவதாகச் சொல்கிறார்கள். வரட்டும். நான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.

நாம் இருவரும் செஞ்சி தாலுகா ஆபீஸில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் கூலிவேலை செய்தவரின் மகள். எங்கள் வீட்டில் மேஜை போட்டு உட்கார்ந்த முதல் ஆள். நீ மேல்சித்தாமூர் சமண வீட்டுப் பெண். முதல் நாள் மதியம் நான் டப்பாவைத் திறந்தேன். அம்மா ஆசையாக அவித்த முட்டை வைத்திருந்தாள். உன்னைப் பார்த்ததும் அவசரமாக மூடப் போனேன். "இன்னாத்துக்குடி மூடற? ஒன் சோத்த நீ சாப்டு, என் சோத்த நான் சாப்புடறேன்" என்றாய். பார்த்த அன்றைக்கே 'டி' போட்டாய். கடைசி வரை நீ முட்டையைத் தொட்டதில்லை. என் பக்கத்திலிருந்து நகர்ந்து உட்கார்ந்ததும் இல்லை.

போன வருஷம் வியட்நாம் சுற்றுலாவுக்கு என் பெயரையும் கொடுத்தது நீதான். "பஸ்ஸுல மலையனூரு, பஸ்ஸுல திருவண்ணாமல, இதான் ஒன் ஒலகமா? கெளம்புடி" என்றாய். கூடவே ஒரு சமையல்காரர் வந்ததால் உனக்குச் சாப்பாட்டுக் கவலை இருக்கவில்லை. ஹனோயில் கடைசி நாள் எல்லோரும் துணி வாங்கப் போனார்கள். நீ ஒரு சந்தில் தொங்கிய பலகையைப் பார்த்து நின்றுவிட்டாய். கோப்பைப் படம் போட்டு, காபி போடக் கற்றுத்தருகிறோம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

"முட்டை காபிடி அது" என்றேன்.

"ஒனக்குத்தான? நீ கத்துக்க. நான் பாக்கறேன்."

ஒரு ஆள் மட்டுமே ஏறக்கூடிய மாடிப்படி. மேலே குட்டை மணைகள் போட்ட ஓர் அறை. சொல்லித்தர வந்த பெண்ணுக்குக் கல்லூரி முடித்த வயதுதான் இருக்கும். அவளுக்கு நம் ஆங்கிலம் புரியவில்லை, நமக்கு அவளுடையது புரியவில்லை. அவள் தன் மொழியில் பேச, கைபேசி அதைத் தமிழாக்கிச் சொன்னது: "தயவுசெய்து மஞ்சளை அடிக்கவும்." நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். "மஞ்சள இன்னாத்துக்குடி அடிக்கணும்? பாவம், அது இன்னா பண்ணிச்சி?" ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாமலே அவளும் சிரித்தாள்.

கோப்பை மேல் வைக்கிற குட்டித் தகர வடிகட்டியில் காபித் தூளைப் போட்டுச் சுடுதண்ணீர் ஊற்றினோம். டிகாஷன் சொட்டுச் சொட்டாக இறங்கியது. அதில் உனக்கு யாரும் ஒன்றும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. முட்டை வந்ததும் உன் மணையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாய். அந்தப் பெண் பதறி, உடம்புக்கு ஆகாதா என்று கேட்டாள். "நாங்க முட்டை சாப்புட மாட்டோம். தேனும் சாப்புட மாட்டோம். எனக்கு ஒன்னும் ஆவாது, நீ சொல்லிக் குடும்மா" என்று கைபேசியிடம் சொன்னாய். அவள் மஞ்சள் கருவைத் தனியே பிரித்துச் சர்க்கரையும் கெட்டிப் பாலும் விட்டு, கம்பித் துடுப்பை என் கையில் கொடுத்தாள்.

அடித்தேன், அடித்தேன். கை கழன்றுவிடும் போலிருந்தது. நீ தள்ளி உட்கார்ந்து அதட்டினாய். "நிறுத்தாதடி. இன்னும் தண்ணியாத்தான் இருக்குது. அடி." கடைசியில் அது சந்தன நிறத்தில் வெளுத்துக் கெட்டியாக நின்றது. அந்தப் பெண் கிண்ணத்தை என் தலைக்கு மேல் கவிழ்த்துக் காட்டினாள். விழவில்லை. நீ கைதட்டினாய்.

முன்னொரு காலத்தில் பாலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, அதற்குப் பதில் முட்டையை அடித்து ஊற்றியதில் வந்த காபி இது என்று கைபேசி சொன்னது. நீ உடனே கேட்டாய், "பாலு இல்லன்னா முட்டை. செரி, முட்டை இல்லன்னா?" அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கையை விரித்தாள்.

வெந்நீர்க் கிண்ணத்துக்குள் கோப்பையை வைத்து, மேலே நுரையை ஊற்றி, கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டேன். "எப்புடி இருக்குது, சொல்லு சொல்லு" என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய். சொன்னேன். "ஊருக்குப் போயி முட்டை இல்லாம இத செஞ்சி குடு. குடிக்கறேன்" என்றாய். விளையாட்டுக்குத்தான் சொன்னாய்.

பொங்கல் கழிந்து உன் குரல் கம்மியது. சளி என்றோம். பிறகு சோறு தொண்டையில் நின்றது. புதுச்சேரியில் பார்த்துப் புற்றுநோய் என்றார்கள். கதிர்வீச்சு கொடுத்தார்கள். உன் கழுத்து கருகி, உள்ளே எல்லாம் வெந்து போனது. கெட்டியாக எதுவும் இறங்காது. தண்ணீர் கொடுத்தால் மூச்சுக்குழலுக்குள் போய், கண் பிதுங்க இருமுவாய். கஞ்சி, கூழ், ஜவ்வரிசி எதுவும் எடுபடவில்லை. வயிற்றில் குழாய் வைக்கலாம், அதற்குக் கொஞ்சமாவது உடம்பு தேறட்டும் என்றார் டாக்டர். உடம்பு தேற வேண்டுமானால் சாப்பிட வேண்டும். சாப்பிட வேண்டுமானால் குழாய் வேண்டும். இதை நானும், நான் அண்ணன் என்று கூப்பிடும் உன் வீட்டுக்காரரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் திரும்பத் திரும்பப் பேசினோம், எங்கேயோ ஒரு வழி இருக்கிற மாதிரி. முட்டை கொடுத்தால் சீக்கிரம் தெம்பு வரும் என்றார் டாக்டர். நீ தலையை மட்டும் ஆட்டினாய். வேண்டாம்.

ஒருநாள் என் வீட்டில் கடலை வேகவைத்து வடித்தபோது, அந்தத் தண்ணீர் பாத்திரத்தில் விழுந்து நுரைத்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆறவைத்து, சர்க்கரை போட்டு அடித்தேன். வெளுத்தது. தூக்கியது. நின்றது. கிண்ணத்தைக் கவிழ்த்தேன், விழவில்லை. அடுப்படியில் தனியாக நின்று கத்தினேன்.

மறுநாளே சித்தாமூர் வந்து உன் அடுப்படியில் அடித்தேன். பால்பவுடரும் கொஞ்சம் டிகாஷனும் சேர்த்தேன். முதல் கரண்டியை வாயில் வைத்ததும் நீ கண்ணை மூடினாய். விழுங்கினாய். நானும் அண்ணனும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருமலுக்காகக் காத்திருந்தோம். இருமல் வரவில்லை.

"இன்னாடி இது?"

"ஹனோய் காபி. முட்டை இல்ல."

உன் உதடு வெடித்திருந்தது. அப்படியும் சிரித்தாய். "இன்னொரு ஸ்பூன் குடு" என்றாய். எத்தனையோ நாளுக்குப் பிறகு நீயாகக் கேட்ட சாப்பாடு அது.

அன்றிலிருந்து எனக்கு வேறு வேலை கிடையாது. அண்ணன் கடலையை வேகவைத்துத் தண்ணீரை ஆறவைத்திருப்பார். அவருக்குக் கைநடுக்கம், அடிக்க வராது. மிக்ஸியில் போட்டால் நீர்த்துப்போனது. ஆபீஸ் விட்டதும் நான் ஓடி வர வேண்டும். இருட்டினால் சாப்பிடக் கூடாது என்பது உங்கள் சமண விரதம்; பொழுது சாய்ந்தால் நீ வாயைத் திறக்கமாட்டாய். சாயங்காலம் பஸ்ஸில் கடைசி இருக்கையில் உட்கார்ந்து, பின்கண்ணாடியில் கோட்டை மலைக்குப் பின்னால் பொழுது இறங்குவதையே பார்த்துக்கொண்டு வருவேன். இன்னும் கொஞ்சம் இரு, இன்னும் கொஞ்சம் இரு என்று அதைக் கெஞ்சியிருக்கிறேன்.

ஆடி அமாவாசை அன்று கோயில் கூட்டத்துக்காக பஸ்ஸையெல்லாம் மேல்மலையனூருக்குத் திருப்பிவிட்டார்கள். நிலையத்தில் கால் வைக்க இடமில்லை. எந்த பஸ்ஸும் உன் ஊர்ப் பக்கம் போகவில்லை. ஷேர் ஆட்டோவில் தொற்றிப் பாதி தூரம் வந்து, மிச்சத்தை ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தேன். இருட்டியிருந்தது. உடுத்திய புடவையோடு அடுப்படிக்குப் போய் அடித்து எடுத்துவந்தேன்.

"பொழுது பூட்ச்சிடி" என்றாய்.

"காலயிலேர்ந்து ஒன்னும் எறங்கலயாம். ஒரே ஒரு ஸ்பூன். ஒன் கால்ல உழறேன்."

"நாளிக்கி குடு."

வாயை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாய். கிண்ணத்தில் நுரை கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கி, அடியில் தண்ணீர் பிரிந்தது. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

கிளம்பும்போது அண்ணன் தெருமுனை வரை வந்தார். தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் குடிக்காதவர். எறும்பு ஓடினால் நின்று வழிவிடுகிறவர். என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"நாளிக்கி வர்றப்ப ஒரு முட்டை எடுத்தாந்துடும்மா. நுரையோட சேத்து அடிச்சிடு. அவளுக்குத் தெரியாது."

"அண்ணா, இன்னா சொல்றீங்க?"

"பாவம்லாம் என் தலைல உழட்டும். எந்தப் பொறப்புல வேணா நான் அனுபவிக்கறேன். அவ இருக்கணும்மா. எனக்கு வேற ஒன்னும் வேணாம்."

மறுநாள் முட்டையைத் துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். உடைந்துவிடக் கூடாது என்று மடியில் வைத்துக் காத்தேன். பஸ் குலுங்கும்போதெல்லாம் உடைந்து தொலையட்டும் என்றும் நினைத்தேன். உன் அடுப்படியில் நுரை தயாராக நின்றது. முட்டை என் கையில் இருந்தது. அண்ணன் கொல்லையில் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். தட்டி உடைக்க வேண்டியதுதான் பாக்கி. என்னால் முடியவில்லை. முட்டையோடு உன் கட்டிலுக்கு வந்தேன்.

"இன்னாடி கையில?"

"முட்டை. கலக்கட்டுமா? நீ செரின்னா கலக்கறேன். கொஞ்சம் தெம்பு வந்தா கொழா வெச்சிடுவாங்க. அப்பறம் நீ தொட வேணாம்."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். "சொல்லாம கலந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே."

"தெரிஞ்சிருக்காது."

"அப்பறம் இன்னாத்துக்கு வந்து கேக்கற?"

எனக்கு அழுகைதான் வந்தது. "நீ பூட்டா நான் ஆருகிட்டடி போவேன்" என்றேன். நோயாளியிடம் கேட்கக் கூடாத கேள்வி. கேட்டுவிட்டேன். நீ கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய்.

"வேணாம்டி. இத்தினி நாளு இருந்தா மாரியே இருந்துட்டுப் போறேன்." பிறகு கொல்லைப் பக்கம் கண்ணைக் காட்டினாய். "அவரு சொன்னாரா?"

நான் முட்டையை முந்தானைக்குள் மூடினேன்.

"எனக்குத் தெரியும்னு அவருகிட்ட காட்டிக்காத. ஒடிஞ்சி பூடுவாரு."

நுரையை மட்டும் ஊட்டினேன். முட்டையைத் திரும்ப எடுத்துப்போனேன். அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து நான் ஊட்டும்போது வாசற்படியில் வந்து நிற்க ஆரம்பித்தார். "இன்னிக்கி ஒரு ஸ்பூன் சேத்து எறங்குது, பாத்தியா?" என்பார். "மொகம் தெளிஞ்சிருக்குது." உன் முகம் தெளியவில்லை. நாளுக்கு நாள் எலும்புதான் தெரிந்தது. அவர் பார்த்த தெளிச்சல் எதனால் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அவர் பேசும்போது நாம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் இருக்கப் பழகினோம்.

பிறகு நுரையும் இறங்கவில்லை. ஒரு மத்தியானம் ஆபீஸுக்குப் போன் வந்தது. நான் வந்து சேர்ந்தபோது வெயில் நன்றாகவே அடித்துக்கொண்டிருந்தது. பொழுது சாய நிறைய நேரம் இருந்தது. உனக்குத்தான் நேரம் இருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து அண்ணன் ஒருநாள் ஆபீஸுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் நின்று என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஒன்னு கேக்கறேன், மறைக்காத சொல்லும்மா. நான் சொன்ன மாரி... கலந்தியா?"

கலந்தேன் என்றால், உன்னை உன் விரதத்திலிருந்து தள்ளிவிட்ட பாரம் அவருக்கு. இல்லை என்றால், வாசற்படியில் நின்று அவர் பார்த்ததெல்லாம் ஒன்றுமில்லை என்றாகிவிடும். எதைச் சொன்னாலும் அந்த மனுஷன் உடைவார்.

"இல்லண்ணா" என்றேன்.

"நல்லதும்மா" என்றார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போனவர் திரும்பி வந்தார்.

"கலந்திருந்தா இருந்திருப்பாளா?"

எனக்குத் தெரியவில்லை, தெரியவில்லை என்றுதான் சொல்ல முடிந்தது. அவர் போகவில்லை.

"நான் இப்பிடிக் கேட்டது அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாதுண்ணா. கடசி வரைக்கும் தெரியாது."

தலையை ஆட்டிக்கொண்டே பஸ் நிலையத்தைப் பார்த்து நடந்தார்.

உன்னிடம் ஒரு முட்டையை மறைக்க முடியாத நான், உனக்காக அவரிடம் இதை மறைத்திருக்கிறேன். சாகிற வரை மறைப்பேன். அது எனக்குக் கஷ்டமில்லை. மற்றதைத்தான் தாங்க முடியவில்லை. கேட்காமல் கலந்திருக்க வேண்டுமா? இதை வேறு யாரிடமும் கேட்க முடியாது என்பதால் தினமும் உன்னிடமே கேட்கிறேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு "வேணாம்டி" என்கிறாய். சரி என்கிறேன். அடுத்த நாள் மறுபடியும் கேட்கிறேன்.