நம் வீட்டில் புழங்காத சொல்

என் ஆசை அப்பாவுக்கு,

நீ போன பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. நல்ல சேதியோடு தொடங்கலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் பயத்தோடுதான் தொடங்குகிறேன். காலையில் அண்ணன் மறுபடியும் கடலுக்குப் போயிருக்கிறான்.

நான் இப்போது எம்.ஏ. தமிழ் படிக்கிறேன். தினமும் முதுநகரில் ரயிலேறிச் சிதம்பரம் போய் வருகிறேன். உட்கார இடம் கிடைத்தால் அன்று திருவிழா. எங்கள் மேடம் ஒருவர், படிக்கிற ஒவ்வொரு கதைக்கும் ஜர்னல் எழுதச் சொல்கிறார். கதைச் சுருக்கம் வேண்டாம், படித்தபோது உனக்குள் என்ன நடந்தது, அதை எழுது என்கிறார். முதல் தடவை நான், 'ஆசிரியர் மீனவர் வாழ்வைத் தத்ரூபமாகப் படம் பிடித்துக் காட்டியுள்ளார்' என்று எழுதிக் கொடுத்தேன். அதன் கீழே சிவப்பு மையில், 'இது யார் வீட்டு வாக்கியம்?' என்று கேட்டிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் கேள்வி சரிதானே?

போன மாதம் ஒரு கதை கொடுத்தார். கட்டிக்கொள்ளப் போகிறவளுக்குச் சேலை வாங்கிக்கொண்டு ஒருவன் படகேறுகிறான். கடைசி வரியில் படகு முழுகிவிடுகிறது. கதையிலிருந்து ஒரே ஒரு சொல்லை எடுத்து, அது உங்கள் வீட்டில் எப்படிப் புழங்குகிறது என்று எழுதச் சொன்னார் மேடம். நான் எந்தச் சொல்லை எடுத்திருப்பேன் என்று உனக்கே தெரியும்.

அந்தச் சொல்லைத்தான் நீ நம் வாசற்படி ஏறவே விட்டதில்லையே அப்பா. ஆண்கள் கடலில் இருக்கும் வீட்டில் அது கூடாது என்பாய். ஊரெல்லாம் வெள்ளிக்கிழமை தலை முழுகும், நம் வீட்டில் மட்டும் தலைக்கு ஊற்றிக்கொள்வோம். அடகுக் கடையில் வைத்த கம்மல் முழுகிப் போனபோதுகூட அம்மா, "கம்மலு அங்கயே தங்கிடுச்சு" என்றுதான் சொன்னாள். பள்ளிக்கூடப் பாடத்தில் 'கப்பல் முழுகியது' என்று வந்ததை நான் வீட்டில் சத்தமாகப் படித்தபோது, வலையை உதறிக்கொண்டிருந்த நீ நிமிர்ந்து, "குளிச்சுதுன்னு படி பாப்பா" என்றாய். மறுநாள் வகுப்பிலும் 'கப்பல் குளித்தது' என்றே படித்தேன். டீச்சர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். வந்து உன்னிடம் அழுதேன். நீயும் சிரித்தாய், ஆனால் மாற்றிப் படி என்று சொல்லவில்லை.

இத்தனைக்கும் கடைசியில் உன்னைக் கடல் எடுக்கவில்லை. சர்க்கரைதான் எடுத்தது. நடுக்கடலில் புயலைப் பார்த்த நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் போனாய். அந்த ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை.

இதையெல்லாம் ஜர்னலில் எழுதினேன். கூடவே, 'முழுகியது என்பதுதான் இந்தக் கதைக்குச் சரியான கடைசிச் சொல். அவன் திரும்பி வந்திருந்தால் கதை பொய்யாகியிருக்கும்' என்றும் எழுதினேன். எழுதும்போது நல்ல சுறுசுறுப்பு, பெருமை. நோட்டை மேடத்தின் மேசையில் வைத்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்து வரும்போதுதான் உறைத்தது. அண்ணன் கடலில் இருக்கிறான்.

அவன் இப்போது விசைப்படகில் போகிறான் அப்பா. போனால் சில நாள் கடலிலேயே தங்கிப் பிடித்துவிட்டு வருவார்கள். அன்று சாயங்காலமே காற்று மாறியது. யாரும் கடலுக்குப் போக வேண்டாம் என்று மைக்கில் சொன்னார்கள். வெளியே இருந்த படகுகள் ஒவ்வொன்றாகத் துறைமுகத்துக்குள் வந்தன. அண்ணன் போன படகு மட்டும் வரவில்லை. போன் அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பொம்பளைக் குரல் அலுக்காமல் சொல்லிக்கொண்டிருந்தது.

படித்த பெண், ஒரு சொல்லுக்குப் படகைக் கவிழ்க்கிற பலம் கிடையாது என்று தெரியாதா எனக்கு? தெரியும். தெரிந்தும் மனசு கேட்கவில்லை. வந்திருந்தால் பொய்யாகியிருக்கும் என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேனே. நோட்டு மட்டும் வீட்டில் இருந்திருந்தால் கிழித்து அடுப்பில் போட்டிருப்பேன். அது சிதம்பரத்தில் மேடத்தின் மேசையில் இருந்தது. யாரிடமும் சொல்ல முடியவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

மறுநாள் மதியம் தெருப் பெண்கள் வந்து நம் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி சுவரோரம் சுருண்டு கிடந்தாள். ஏதாவது பேச வேண்டுமே என்றுதான் பக்கத்து வீட்டு அஞ்சலை அத்தை வாயைத் திறந்தது. அது வாக்கப்பட்டு வந்தது காட்டுமன்னார்கோயில் பக்கத்து நெல்லு ஊரிலிருந்து. நம் வீட்டுக் கட்டுப்பாடெல்லாம் அதற்கு நினைவில் நிற்காது.

"ஏங்க்கா, மருமவ முழுகாம இருக்காளாமே. சொல்லவே இல்ல?"

நீ தாத்தா ஆகப் போகிறாய் அப்பா. இதுதான் நான் முதலில் சொல்ல நினைத்த சேதி. ஆனால் அந்த நேரத்தில் அது யார் காதிலும் சேதியாக விழவில்லை. அந்தச் சொல்தான் விழுந்தது. ஒருத்தி அத்தையின் தொடையைக் கிள்ளினாள். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"இன்னா சொன்ன? திருப்பிச் சொல்லு" என்றாள் அம்மா.

"தப்பா ஒண்ணும் சொல்லலியேக்கா. முழுகாம இருக்கான்னுதான சொன்னேன்."

அம்மா எழுந்து போய் அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் தலையைத் தடவிக்கொண்டே, "ஆமா. முழுகாம இருக்கா" என்றாள். அந்தச் சொல்லை அம்மா வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. திரும்பச் சொன்னாள். "முழுகாம இருக்கா. முழுகாமத்தான் இருக்கா." சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. பார்வை அண்ணியை விட்டு வாசல் பக்கம் போனது.

"முழுகாமத்தான் இருக்கான்" என்றாள்.

ஒரே ஓர் எழுத்துதான் கூடியது. கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. அண்ணி அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் அடுப்படிக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அதற்கு மறுநாள் காலையில் அண்ணன் யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டான். இன்ஜின் நின்று, காற்றில் அடித்துக்கொண்டு போய், வேறு ஊர்ப் படகு ஒன்று கயிறு கட்டி இழுத்துக் காரைக்காலில் சேர்த்திருக்கிறது. வந்தவன் சோற்றைத் தின்றுவிட்டு அடித்துப் போட்டது போல் தூங்கினான்.

மேடம் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். 'இது உங்கள் வீட்டு வாக்கியம். வெள்ளிக்கிழமை வகுப்பில் வாசிக்கவும்' என்று எழுதியிருந்தார். அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"நீ எழுதுனதாலயா இன்ஜின் நின்னுது? டீசல்ல அழுக்கு ஜாஸ்தி. போய்ப் படி, கை தட்டுவாங்க" என்று சிரித்தான்.

எனக்குப் பாரம் இறங்கியது போல் இருந்தது. இன்று காலை பையை எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போனான். செருப்பை மாட்டியவன், திரும்பிப் பார்க்காமலே கேட்டான்.

"பாப்பா, வெள்ளிக்கிழமயா படிக்கப் போற?"

"ஆமாண்ணா."

"நான் கரைக்கு வந்தப்புறம் படியேன்."

அவனுக்கும் பயம்தான் அப்பா. உனக்கும் இருந்திருக்கிறது, இல்லையா? சிரித்துச் சிரித்தே அதை எங்களுக்குக் காட்டாமல் வைத்திருந்தாயா? கேட்டிருக்கலாம். அப்போது தோன்றவில்லை.

மேடத்துக்குப் போன் செய்து, அண்ணன் கடலில் இருக்கிறார், அவர் வந்ததும் படிக்கிறேன் என்றேன். இதற்கா எம்.ஏ. படிக்கிறாய் என்று கேட்பார் என்று நினைத்தேன். "சரி, வரட்டும். ஆனா படிக்கணும்" என்றார்.

படிப்பேன் அப்பா. எந்தச் சொல்லையும் குளிக்க வைக்காமல், எழுதியதை எழுதியபடியே படிப்பேன். அம்மா சொன்னதையும் கடைசியில் சேர்த்திருக்கிறேன். ஆனால் அவன் கால் கரையில் படும்வரை அந்தப் பக்கத்தை நான் வாய் திறந்து படிக்க மாட்டேன். இது உன் மேல் சத்தியம்.

இப்படிக்கு,
முழுகாமல் இருக்கிறவனின் தங்கச்சி,
உன் பாப்பா