காலியாகக் கிடந்த நாலு இடம்

என் கண்ணு சரோஜா,

நீ கண்ணை மூடி மூன்று வருசம் ஆகிறது. உன் மகள் வசந்தி பத்தாவது தேறிவிட்டாள். மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் தொழிற்கல்விப் பிரிவுதான் வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றாள். கிணத்துக்கடவுப் பக்கம் எந்தப் பள்ளியிலும் அது இல்லை. கோயமுத்தூரில் இருக்கிறது. ஆனால் அது வேறு கல்வி மாவட்டமாம், வெளிப் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லையாம்.

கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் குடியிருக்கிற உன் அண்ணன் ஒரு வழி சொன்னான். "என்ற ரேசன் கார்டுல புள்ளை பேரைச் சேத்திப்போட்டேன். எந்த ஊருன்னு கேட்டா ஆர்.எஸ்.புரம்னு சொல்லுங்கம்மா. வேற ஒண்ணும் பேசாதீங்க."

பஸ் நெடுக அதையே மனசுக்குள் சொல்லிக்கொண்டு போனேன். தலைமையாசிரியர் மரியாதையாக, "எந்த ஊருங்கம்மா?" என்றார். ஊரைக் கேட்டால் நாம் தோட்டம் இருக்கிற ஊரைத்தானே சொல்வோம்? "கிணத்துக்கடவுங்க" என்றுவிட்டேன்.

அவர் பேனாவை மூடினார். உன் அண்ணன் என் காலை மிதித்தான். வசந்தி என்னைப் பார்க்கவேயில்லை.

"கார்டுல வேற போட்டிருக்குதுங்களே?"

"கார்டு மாமனுதுங்க. புள்ளை எங்கூட்ல இருக்குது. ஆறரை பஸ்ஸுக்கு வந்துருவா."

"அப்ப சேத்த முடியாதுங்க."

ஆனாலும் கேட்டுவிட்டேன். "ஏனுங்க சார், எங்க கிணத்து மோட்டாரு காயில் போச்சுன்னா உங்கூருக்குத்தானுங்க தூக்கிட்டு வாரோம். மோட்டாரைச் சேத்திக்குவீங்க, புள்ளையைச் சேத்த மாட்டீங்களா?"

வாசலில் நின்ற பியூன் சிரித்துவிட்டார். தலைமையாசிரியர் சிரிக்கவில்லை. சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நாலு எடம் காலியாத்தான் கெடக்குது. கல்வி ஆபீஸ்ல கடுதாசி வாங்கியாங்க. நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்குந்தான்" என்றார்.

மறுநாள் காலையிலிருந்து ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அதிகாரி வெளியே போயிருந்தார். மூன்று மணி ஆயிற்று. "போலாம் அம்மிச்சி" என்றாள் வசந்தி. குரல் உடைந்திருந்தது. கண்ணு, நீ டைப்பு படிக்கிறேன் என்று கேட்டபோது, "பொட்டப்புள்ளைக்குப் பஸ்ஸேறி என்ன படிப்பு?" என்றேனே, அன்றைக்கு உன் குரலும் இப்படித்தான் இருந்தது. அதை மனசில் வைத்துக்கொண்டுதான் போனாயா?

நான் எழுந்திருக்கவில்லை.

நாலு மணிக்கு அதிகாரி வந்தார். "உங்க பேத்திக்கு மட்டும் எழுதித் தாரேன்" என்றார். வாங்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். "நாலு எடம் சும்மா கெடக்குதுங்களே" என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், நானும் பார்த்தேன். எழுதிய தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தபோது என் உயிர் போய் வந்தது. காலியிடம் இருந்தால் வெளி மாவட்டப் பிள்ளைகளையும் சேர்க்கலாம், இன்னும் ஒரு வாரம் பொறுக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஆட்டோ பிடித்து ஓடினோம். கேட்டில் ஒரு பக்கம் சாத்தியாகிவிட்டது. தலைமையாசிரியர் கடுதாசியைப் படித்துவிட்டு மறுபடியும் கேட்டார், "எந்த ஊரும்மா?"

நான் வசந்தியை முன்னே விட்டேன். "கிணத்துக்கடவுங்க சார்" என்றாள் உன் மகள்.

இன்னும் மூன்று இடம் இருக்கிறது. பத்தாவது முடித்த பெண்கள் நம் வீதியிலேயே இருக்கிறார்கள். அவர்களுடைய அம்மாமார் உனக்கு நான் சொன்னதையே சொல்வார்கள். சொல்லட்டும். அந்த மூன்று இடமும் நிறைகிற வரைக்கும் வீடு வீடாகப் போய் உட்கார்ந்திருப்பேன். உன்னை ஏறவிடாத ஆறரை பஸ்ஸில் உன் மகளைத் தினமும் நானே ஏற்றிவிடுவேன்.

உன்னை அனுப்பாமல் போன, உன் மகளை அனுப்பிவைத்த
உன் அம்மா