இரண்டாவது ஊசி

மார்ச் 4
இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். எனக்கு வரவேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மேலாளரைப் பற்றி முதலாளிக்கு எழுதியே தீர்வேன். விமானங்களுக்கு உணவு அனுப்பும் எங்கள் சமையற்கூடத்தில் ஒருவருக்கு மஞ்சள் காமாலை. ஹெபடைடிஸ் ஏ. உடனே உத்தரவு: தடுப்பூசி அட்டை இல்லாதவர்கள் உள்ளே வரக்கூடாது. நான் இருபத்திரண்டு வருடம் முன்பே போட்டுக்கொண்டவன். அட்டைதான் தொலைந்துவிட்டது.

"அட்டை இல்லையா? அப்ப மேசை வேலை பாருங்க" என்கிறார் மேலாளர். ருசி பார்க்கும் என் கரண்டி, நாக்கே இல்லாத ரொட்டிப் பிரிவுக்காரரிடம்!

மார்ச் 5
நர்ஸம்மா: "இன்னொண்ணு போட்டுக்கோங்க சார், ஒண்ணும் ஆயிடாது."

"போட்டதையே எதுக்கும்மா திரும்பப் போடணும்?"

"அப்ப ரத்தம் குடுங்க, எதிர்ப்பு சக்தி இருக்கான்னு பாத்துடலாம். ரெண்டு ஊசியும் போட்டிருந்தா இருபது வருஷத்துக்கு மேலயும் எதிர்ப்பு சக்தி நிக்கும். ஒண்ணோட விட்டிருந்தா அவ்வளவு உறுதியா சொல்ல முடியாது."

கொடுத்தேன். இரண்டாவது, ஆறு மாதம் கழித்து... போட்டேனா? சத்தியமாக நினைவில்லை. கரண்டி போய்விடுமோ?

மார்ச் 6
முடிவு திங்கட்கிழமைதான். பரணிலிருந்து பழைய நாட்குறிப்புகளை இறக்கினேன்.

"உங்க பகைப் பதிவேடா? அதுல யாரு இல்லன்னு கேட்டா சீக்கிரம் சொல்லிடலாம்" என்றாள் மனைவி.

கிடைத்தது: "இன்று கிடங்குக்காரன் எல்லோர் முன்னிலும் என் காலரைப் பிடித்து இழுத்துப் போய் இரண்டாவது ஊசியைப் போட வைத்தான். 'பாதியில விட்டா எப்படிடா?' என்று சிரிப்பு வேறு. சாகும்வரை மறக்க மாட்டேன்."

அந்தக் கிடங்குக்காரன்தான் இன்றைய மேலாளர். காலரை மறக்கவில்லை. ஊசியைத்தான் மறந்திருக்கிறேன்.

மார்ச் 9
எதிர்ப்பு சக்தி இருக்கிறது! "உங்க ரத்தம் எதையும் மறக்கல சார்" என்றார் நர்ஸம்மா. மனைவியிடம் சொன்னேன். "ரத்தம் மட்டுமா!" என்றாள்.

மார்ச் 10
கரண்டி கைக்கு வந்தது. முதல் சூப்பிலேயே உப்பு தூக்கல். என்ன ஆனந்தம்! மேலாளர் எட்டிப் பார்த்தார்.

"என்ன, இன்னும் கோவமா?"

"உப்பு ஜாஸ்தி" என்றேன்.

மார்ச் 11
முதலாளிக்கு எழுதிய நாலு பக்கத்தையும் கிழித்தாயிற்று. மேலாளர் வீட்டு முகவரிக்கு ஒரே வரி: "அன்று காலரைப் பிடித்ததற்கு நன்றி." நாற்காலி விஷயம் வேறு, அதை மன்னிக்கவில்லை.

"வேற எத்தன பேரு காலரப் புடிச்சிருப்பாரு? நீங்கதான்னு தெரியாதா?" என்று சிரிக்கிறாள் மனைவி.

தெரியட்டுமே. பெயர் போடாமல்தான் நாளை காலை தபாலில் சேர்க்கப் போகிறேன்.